தில்லை உடும்பு: இல்லாத ஒரு விலங்கை வைத்துத் தகவமைப்பைப் புரிந்துகொள்ளலாம்

"ஒட்டகம் பாலைவனத்தில் வாழ்வதற்காகத் திமிலை வளர்த்துக்கொண்டது." "கொக்கு சேற்றில் நடக்க வேண்டியிருந்தது, அதனால் அதன் கால் நீண்டது." வகுப்பறையிலும் தொலைக்காட்சியிலும் வீட்டுப் பேச்சிலும் இப்படித்தான் சொல்கிறோம். ஏதோ விலங்கு தையல் கடைக்குப் போய், தனக்கு வேண்டிய உடம்பை அளவு கொடுத்துத் தைத்து வாங்கிவந்தது போல இருக்கிறது இந்தப் பேச்சு. எந்த விலங்கும் அப்படிச் செய்ததில்லை, செய்யவும் முடியாது. தகவமைப்பு என்ற சொல் எல்லாருக்கும் தெரிந்திருந்தும் அது நடக்கும் விதம் பலருக்குத் தெரியாமல் போனதற்கு இந்தப் பேச்சு வழக்கே பெரிய காரணம்.

உண்மையான விலங்கை வைத்து இதை விளக்குவதில் ஒரு தொல்லை உண்டு. கொக்கு ஏற்கெனவே முழுமையாக நம் முன் நிற்கிறது. கால் நீளமாக இருக்கிறது, சேற்றில் நிற்கிறது, பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தக் காலுக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது, வேறு எந்த வழிகள் அடைபட்டுப் போயின என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. புதிதாக ஒரு விலங்கை நாமே உருவாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு உறுப்புக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

கற்பனை விலங்குகள் நமக்குப் புதியவை அல்ல. இசையில் மயங்கும் அசுணமா சங்கப் பாடல்களில் வருகிறது. சிங்க உடலும் யானைத் துதிக்கையும் கொண்ட யாளி கோயில் தூண்களில் நிற்கிறது. சிற்பியின் யாளிக்குத் தீனி தேவையில்லை, அதனால் அதன் உடலில் எதையும் சேர்க்கலாம். நாம் உருவாக்கப்போகும் விலங்குக்குப் பசிக்கும். அதன் பெயர் தில்லை உடும்பு. இது எங்கும் இல்லை, முழுக்க முழுக்கக் கற்பனை. ஆனால் அது வாழப்போகும் இடமும், அதைக் கட்டுப்படுத்தும் விதிகளும் உண்மையானவை.

முதலில் இடம்

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் இடையே பிச்சாவரம் சதுப்புநிலக் காடு இருக்கிறது. சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பு. இந்தக் காட்டின் முக்கிய மரங்கள் சுரபுன்னை, வெண்கண்டல், தில்லை. பால் பட்டால் கண்ணும் தோலும் எரியும் அந்தத் தில்லை மரத்தால்தான் சிதம்பரத்துக்கே தில்லை என்று பெயர் வந்தது.

இங்கே வாழ வரும் எந்த உயிரும் நான்கு சிக்கல்களைச் சந்திக்க வேண்டும்.

ஒன்று, தண்ணீர் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு இந்தக் கரையில் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் நிலம் தட்டையாக இருப்பதால் அந்தச் சிறிய வேறுபாடே பெரிய பரப்பை மூடும், திறக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதிகமாக ஏறி இறங்கும், அட்டமியை ஒட்டிக் குறையும். நேரமும் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும்.

இரண்டு, உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் வந்து கலக்கும்போது இங்குள்ள நீர் ஏறக்குறைய நல்ல நீராகிவிடும். சித்திரை, வைகாசியில் கடல்நீர் அளவுக்கு உப்பேறும். தேங்கிய குட்டைகளில் அதையும் தாண்டும்.

மூன்று, சேறு. மேலே ஒரு மெல்லிய படலத்துக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. கிளறினால் கறுப்பாக வரும், அழுகிய முட்டை வாடை அடிக்கும். அது ஹைட்ரஜன் சல்பைடு. வெண்கண்டல் மரம் தன் மூச்சு வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

நான்கு, புயலும் வெள்ளமும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

என்ன பிழைப்பு?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலையில் போய் நின்றால் ஒரே மீனை நம்பி எத்தனை பிழைப்பு என்று தெரியும். படகில் பிடித்து வருபவர், ஏலம் விடுபவர், ஐஸ் உடைப்பவர், கூடையில் வாங்கித் தெருத்தெருவாக விற்கும் பெண்கள், பணம் வாங்கிக்கொண்டு மீன் வெட்டித் தருபவர், விலைபோகாத சிறுமீனைக் கருவாடாக்குபவர். இடம் ஒன்றுதான், ஒவ்வொருவரும் வேறு வேலையைப் பிடித்திருக்கிறார்கள். மீன் வெட்ட ஏற்கெனவே பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பதினோராவது ஆளாக அதே கத்தியுடன் போய் உட்கார்ந்தால் வருமானம் கிடைப்பது கடினம்.

விலங்குகளுக்கும் இப்படித்தான். ஒரு விலங்கு இருக்கும் இடத்துக்கு வாழிடம் என்று பெயர். அந்த இடத்தில் அது எதை, எப்போது, எப்படித் தின்று, எதைத் தாங்கி வாழ்கிறது என்பதற்குச் செயல் வாழிடம் என்று பெயர். ஒரே செயல் வாழிடத்தில் இரண்டு இனங்கள் முழுமையாக மோதினால் காலப்போக்கில் ஒன்று ஒதுங்கும் அல்லது அழியும்.

பிச்சாவரத்தில் வெட்ட வெளியான சேற்றிலும் நீரோரத்திலும் கொக்குகள் இருக்கின்றன. தண்ணீரில் மீன்கொத்தி பாய்கிறது. வானிலிருந்து செம்பருந்து பார்க்கிறது. சுரபுன்னையின் தாங்கு வேர்கள் பின்னிக் கிடக்கும் இடுக்குகளில் மட்டும் கொக்கால் நுழைய முடியாது, பருந்தால் பாய முடியாது. அங்கே சேற்று வளைகளில் சிறு நண்டுகள் ஏராளம். ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்குமே, அந்த நண்டுகளும் இதில் அடக்கம். நம் விலங்கின் பிழைப்பு இதுவாக இருக்கட்டும்: வற்றத்தில் வேர் இடுக்குகளில் புகுந்து நண்டு பிடிப்பது.

சுருக்கமாக: உடம்பைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இடத்தையும் பிழைப்பையும் முதலில் முடிவு செய்தோம். கற்பனை விலங்கு வரைபவர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் இறக்கை, நச்சுப்பல், ஆறு கால் என்று வரைந்துவிட்டுப் பிறகு அதை எங்கே விடலாம் என்று தேடுகிறார்கள்.

முதல் வரைவு தோற்றது: கீரி

முதலில் மனதில் வருவது கீரிதான். சுறுசுறுப்பானது, வளையில் கைவிடும், வயல் வரப்பில் நண்டையும் தின்னும். ஒரு கீரியைச் சேற்றுக்கு இறக்கி, நண்டை மட்டுமே தின்னும் விலங்காக்கினால் என்ன?

வரவு செலவுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உணவின் ஆற்றலைக் கிலோகலோரியில் அளக்கிறோம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான ஆற்றலே ஒரு கிலோகலோரி. சிறிய இட்லி ஒன்றில் ஏறத்தாழ 50 இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரைக் கிலோ எடையுள்ள பாலூட்டி ஒன்று, காட்டில் ஓடியாடித் திரிய, நாளுக்குத் தோராயமாக 250 கிலோகலோரி செலவழிக்கும். ஐந்து இட்லி. நண்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓடும் கழிவும்தான். அதனால் முழு நண்டு 100 கிராமில் பயன்படும் ஆற்றல் சுமார் 28 கிலோகலோரி. செரிமானத்தில் போகும் இழப்பையும் சேர்த்தால் நாளொன்றுக்கு ஒரு கிலோ நண்டு வேண்டும். வளை நண்டு ஒன்றின் எடை நான்கு கிராம் என்றால் 250 நண்டுகள். அதுவும் தினமும், தண்ணீர் வற்றியிருக்கும் சில மணி நேரத்துக்குள்.

நடக்காது. ஈர உடம்பு வெப்பத்தை இழக்கும் என்பதைச் சேர்த்தால் கணக்கு இன்னும் மோசமாகும். உண்மையான கீரி எலி, பூச்சி, முட்டை, பாம்பு என்று எல்லாவற்றையும் தின்று வரப்பில் வாழ்வதன் பொருள் இதில் புரியும்.

செலவு எங்கே போகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கிறது. பாலூட்டியும் பறவையும் வெப்ப இரத்த விலங்குகள். உணவை எரித்து உடல் சூட்டை எப்போதும் ஒரே அளவில் வைத்திருப்பவை. வீட்டில் அடுப்பை இரவும் பகலும் எரியவிடுவது போன்றது இது. ஊர்வன குளிர் இரத்த விலங்குகள். பெரும்பாலும் வெயிலில் காய்ந்து சூடேற்றிக்கொள்பவை, வேலை இருக்கும்போது மட்டும் அடுப்பைப் பற்றவைப்பது போல. அதே எடையில் ஊர்வனவற்றின் நாள் செலவு, பாலூட்டியின் செலவில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரைதான்.

அதனால் இரண்டாவது வரைவு உடும்பு. இது வெறும் வசதிக்காகத் தேர்ந்ததும் அல்ல. ஆஸ்திரேலியாவின் சதுப்புநிலக் காடுகளில் நண்டு தின்னும் சிறிய உடும்பினம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது.

ஏன் சிறியது?

நம் ஊர் உடும்பைப் போல ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வளர்ந்தால் இந்த வேலைக்கு ஆகாது. சேற்றில் நடக்கும்போது புதைவதும் புதையாததும் எடையை மட்டும் பொறுத்ததல்ல, எடை எத்தனை பரப்பில் பரவுகிறது என்பதைப் பொறுத்தது. சேற்றில் பலகை போட்டு நடப்பது இதனால்தான்.

ஒரு விலங்கின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் பாதத்தின் பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகும். ஆகவே பாதத்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்பைப் போல் இரு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். யானை அளவு எறும்பு ஏன் நிற்கக்கூட முடியாது என்பதற்கும் இதே கணக்குத்தான். திரைப்படங்களில் வரும் ராட்சத விலங்குகள் எல்லாம் இந்த ஒரு வரியில் விழுந்துவிடும்.

தில்லை உடும்பின் எடையை 400 கிராமாக வைப்போம். வாலோடு சேர்த்து 60 முதல் 70 சென்டிமீட்டர் நீளம். ஒன்றரைக் கிலோவிலிருந்து 400 கிராமுக்கு இறங்கினால் பாதத்தின் மேல் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. விரல்கள் நீண்டு விரிந்தால் இன்னும் குறையும். நாள் செலவு 10 முதல் 15 கிலோகலோரி, ஏறத்தாழ கால் இட்லி. நாளுக்கு 40 முதல் 60 கிராம் நண்டு, அதாவது பத்துப் பதினைந்து. இது நடக்கக்கூடிய எண்ணிக்கை.

மிகச் சிறியதாக்கினாலும் தவறாகும். ஐம்பது கிராம் விலங்கால் நண்டின் ஓட்டை உடைக்க முடியாது, கொக்கே அதை விழுங்கிவிடும்.

சுருக்கமாக: உணவின் அளவு உடல் எரிப்பைத் தீர்மானித்தது, சேறு எடையைத் தீர்மானித்தது. நாம் விரும்பியதால் வந்தது எதுவும் இல்லை.

உப்பின் கணக்கு

மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு ஜாடியில் வைத்தால் மறுநாள் மாங்காய் சுருங்கியிருக்கும், அடியில் தண்ணீர் நிற்கும். உப்பு குறைவான பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்கு, மெல்லிய சவ்வின் வழியாக நீர் நகர்வதால் வருவது அது. இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். முதுகெலும்புள்ள பெரும்பாலான விலங்குகளின் உடல் நீரில் உப்பு லிட்டருக்கு 9 கிராம் அளவில் இருக்கும். 35 கிராம் உப்புள்ள நீரில் வாழ்ந்து, உப்பு ஊறிய நண்டைத் தின்னும் விலங்கு மெல்ல மெல்ல ஊறுகாய் ஜாடிக்குள் போகிறது.

தோல் செதில் போர்த்தியது என்பதால் தோல் வழி இழப்பு குறைவு. சிக்கல், வயிற்றுக்குள் வரும் உப்பை வெளியேற்றுவதில். ஊர்வனவற்றின் சிறுநீரகத்தால் இரத்தத்தைவிட உப்பு மிகுந்த சிறுநீரை உருவாக்க முடியாது. வேறு வழி வேண்டும்.

தை முதல் பங்குனி வரை நம் கடற்கரையில் முட்டையிட ஏறும் பங்குனி ஆமையின் கண்ணிலிருந்து நீர் வழியும். பிரசவ வலியில் ஆமை அழுகிறது என்று சொல்வார்கள். அது கண்ணருகே உள்ள உப்புச் சுரப்பி வெளியேற்றும் கெட்டியான உப்பு நீர். இரத்தத்திலிருந்து உப்பைப் பிரித்தெடுத்து வெளியே தள்ளும் உறுப்பே உப்புச் சுரப்பி. கடலோரத்தில் வாழும் உடும்பினங்கள் சிலவற்றுக்கு அது மூக்கில் இருக்கிறது. தில்லை உடும்புக்கும் மூக்கிலேயே வைப்போம். நண்டு தின்றபின் வேரில் ஏறி உட்கார்ந்து தும்மும். மூக்கு நுனியில் வெள்ளைப் பொடியாக உப்புக் காய்ந்திருக்கும். வெண்கண்டல் இலையின் அடிப்பக்கத்தை நாக்கில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அந்த மரமும் இலை வழியாக உப்பைக் கசியவிடுகிறது.

இந்தச் சுரப்பி இலவசம் அல்ல. உப்பைக் குறைவான இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்குத் தள்ளுவது, மேட்டுக்குத் தண்ணீர் இறைப்பதைப் போல ஆற்றல் கேட்கும் வேலை. நாளுக்கு 15 கிலோகலோரிக்குள் வாழும் விலங்கு அதிலிருந்தே இதற்கும் எடுத்து வைக்க வேண்டும். கூடவே நச்சுப்பல்லும் இறக்கையும் மின்சார உறுப்பும் கேட்டால் எந்தக் கணக்கிலிருந்து கொடுப்பது?

ஒரு நாள் எப்படிப் போகும்

இரவில் தில்லை மரப் பொந்தில், ஏற்ற நீர் எட்டாத உயரத்தில் கிடக்கும். வெயில் ஏறியதும் வெளிவந்து கிழக்குப் பார்த்த கிளையில் உடம்பைத் தட்டையாக்கிப் படுக்கும். தட்டையான உடம்பு அதிக வெயிலை வாங்கும். உடல் சூடு 35 டிகிரியை நெருங்கும்வரை எங்கும் போகாது. குளிர்ந்த தசை மெதுவாகத்தான் இயங்கும். வளையை நோக்கி ஓடும் நண்டை அரை நொடி தாமதித்தால் விட்டுவிட வேண்டியதுதான்.

தண்ணீர் வற்றத் தொடங்கியதும் தாங்கு வேர் வழியே இறங்கும். பிளவுபட்ட நாக்கை நீட்டி வாடை பிடிக்கும். நண்டு வளைக்குள் போய்விட்டால் முன்காலால் தோண்டும். பிடித்ததும் முதலில் கொடுக்கை வேரில் மோதி உடைக்கும், பிறகு பின்பற்களால் ஓட்டை நொறுக்கும். கூரிய பல் ஓட்டில் வழுக்கி முறிந்துவிடும், அதனால் வளர்ந்த உடும்பின் பின்பற்கள் மழுங்கிய குமிழ்களாக இருக்கும். நத்தையும் நண்டும் தின்னும் ஆப்பிரிக்க நைல் உடும்பிடம் வயது ஏற ஏறப் பல் மழுங்குவதை இன்றும் பார்க்கலாம்.

ஈரச் சேறு உடம்பைக் குளிர்விக்கும். இருபது நிமிடம் வேட்டையாடினால் மீண்டும் வேரில் ஏறிக் காய வேண்டும். ஒரு வற்றத்துக்குள் இப்படி ஏழெட்டு முறை ஏறி இறங்கும்.

வற்றம் தினமும் 50 நிமிடம் தள்ளிப்போவதால் இதன் சாப்பாட்டு நேரமும் தள்ளிப்போகும். இரண்டு வற்றங்களுக்கு இடையே சுமார் பன்னிரண்டரை மணி நேரம் என்பதால் பெரும்பாலும் ஒன்றாவது பகலில் அமையும். ஒன்று விடியலிலும் மற்றொன்று அந்தி சாய்ந்தபிறகும் அமையும் சில நாட்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும். அப்போது நண்டு வெளியே இருக்கும், உடும்பின் உடம்பு குளிர்ந்திருக்கும். அந்த இரண்டு மூன்று நாட்கள் பட்டினிதான். கீரியாக இருந்திருந்தால் செத்துப்போயிருக்கும். உடும்பு வாலடியில் சேர்த்துவைத்த கொழுப்பில் தாக்குப்பிடிக்கும்.

முட்டையை எங்கே இடுவது?

இங்கேதான் தகவமைப்பைப் பற்றிய பெரிய தவறு ஒன்று உடைகிறது. "தேவை என்றால் வந்துவிடும்" என்ற நம்பிக்கை.

முட்டை மூச்சு விடும். ஓட்டின் நுண்துளைகள் வழியாக ஆக்சிஜன் உள்ளே போக வேண்டும். ஆக்சிஜனே இல்லாத சேற்றில், தினமும் நீர் ஏறும் இடத்தில் முட்டை மூச்சடைத்து அழியும். சுரபுன்னை இந்தச் சிக்கலுக்கு அழகான விடை வைத்திருக்கிறது. விதையை மரத்திலேயே முளைக்கவிட்டு, நீண்ட நாற்றாக்கிக் கீழே விடுகிறது. கழிமுகச் சேற்றில் வாழும் நாய்முகத் தண்ணீர்ப்பாம்பு முட்டையிடாமல் குட்டி போடுகிறது. பல்லி, பாம்பு வகைகளில் குட்டி போடும் வழக்கம் தனித்தனியாக நூறு முறைக்கு மேல் தோன்றியிருக்கிறது. அப்படியானால் தில்லை உடும்பும் குட்டி போடலாமே?

போடலாம் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் இன்று உலகில் உள்ள உடும்பினங்கள் அத்தனையும் முட்டையிடுபவை. நம் விலங்கு அந்தக் குடும்பத்தின் உடம்பைச் சொத்தாகப் பெற்றிருக்கிறது, அதன் கடன்களோடு சேர்த்து. பழைய வீட்டை வாங்கியவர் சுவரை இடிக்கலாம், ஜன்னல் வைக்கலாம், அஸ்திவாரத்தை மட்டும் குடியிருந்துகொண்டே மாற்ற முடியாது. பரிணாமமும் ஏற்கெனவே இருப்பதில்தான் கைவைக்கும். இடைப்பட்ட ஒவ்வொரு தலைமுறையும் உயிரோடு இருந்து சந்ததி விட வேண்டும் என்பதால் வெற்றுத் தாளில் தொடங்கும் வாய்ப்பு அதற்கு ஒருபோதும் கிடைப்பதில்லை.

ஆகவே பெண் உடும்பு மழைக்காலம் முடிந்தபின் காட்டைவிட்டு வெளியேறி, கடலுக்கும் காட்டுக்கும் இடையே உள்ள மணல்மேட்டுக்குப் போகும். தை மாதக் கடைசியில் எட்டு முட்டைகள் இட்டு மூடும். நம் ஊர் உடும்பைப் போலவே இதன் முட்டையும் பொரிக்கச் சுமார் ஆறு மாதம் ஆகும். ஆடிக் கடைசியில் குஞ்சுகள் வெளிவரும். ஐப்பசி மழை மணல்மேட்டை ஊறவைப்பதற்குள் அவை காட்டுக்குள் போய்ச் சேர இரண்டு மாத அவகாசம் இருக்கும். வழியில் நரியும் நாயும் காக்கையும் உண்டு. குட்டி போட்டிருந்தால் இந்த ஆபத்து ஒன்றும் இல்லை. வேறு வழி இல்லாததால் இந்த விலையைக் கொடுக்கிறது.

சல்லடை வேலை செய்யும் விதம்

இப்போது மையத்துக்கு வருவோம். "தை மாதத்தில் முட்டையிட வேண்டும்" என்று உடும்புக்கு யார் சொன்னது?

யாரும் சொல்லவில்லை. எல்லாப் பெண் உடும்புகளும் ஒரே நாளில் முட்டையிடுவதில்லை. சில தையில் இடும், சில மாசியில், சில பங்குனிக் கடைசியில். இதற்கு மாறுபாடு என்று பெயர். அதில் ஒரு பகுதி பரம்பரையாக வருவது: சீக்கிரம் இடும் தாயின் மகள்களும் பெரும்பாலும் சீக்கிரமே இடும். பங்குனிக் கடைசியில் இட்ட முட்டை பொரிக்கப் புரட்டாசி முடிந்துவிடும். மழை முந்திக்கொண்ட ஆண்டுகளில் அந்தக் குஞ்சுகள் மணலுக்குள்ளேயே மூழ்கும். மிகவும் முந்தி, மார்கழியில் இட்ட முட்டையைக் கடைசிப் புயலின் வெள்ளம் கொண்டுபோகும். எஞ்சுபவை பெரும்பாலும் தை, மாசி முட்டைகள். அவை வளர்ந்து தாயாகும்போது தை, மாசியிலேயே இடும். இந்தச் சலிப்புக்குத்தான் இயற்கைத் தேர்வு என்று பெயர். தலைமுறைகளாக இப்படிச் சலித்து நிலைத்த உடற்கூறு அல்லது நடத்தையே தகவமைப்பு.

மீன் வலையை நினைத்துப் பாருங்கள். வலையின் கண்ணி வழியாகத் தப்பிக்க எந்த மீனும் தன்னை ஒல்லியாக்கிக்கொள்வதில்லை. ஒல்லியாக இருந்தவை தப்புகின்றன, தப்பியவை இனம் பெருக்குகின்றன. தனி மீன் எதுவும் மாறவில்லை, கூட்டம் மாறுகிறது.

சலிப்பு எவ்வளவு கடுமையானது என்பதை எண்ணிப் பார்த்தால் புரியும். ஒரு பெண் உடும்பு ஆண்டுக்கு எட்டு முட்டையாக ஆறு ஆண்டு இட்டால் 48 முட்டைகள். உடும்புகளின் எண்ணிக்கை கூடாமல் குறையாமல் இருக்க வேண்டுமானால், சராசரியாக அதில் இரண்டு மட்டுமே வளர்ந்து இனம் பெருக்க வேண்டும். மற்ற 46 வழியிலேயே போய்விடும். சில சாவுகள் வெறும் தற்செயல். சிலவற்றில் உப்புச் சுரப்பியின் திறனோ, பாத அகலமோ, முட்டையிட்ட நாளோ சிறிய பங்கு வகிக்கும். அந்தச் சிறிய பங்கு போதும்.

எவ்வளவு சிறியது? நூற்றில் ஒன்றிடம் மட்டும் உள்ள ஒரு பரம்பரைக் கூறு, அதை உடையவற்றுக்குத் தலைமுறைக்கு 10 சதவீதம் கூடுதல் சந்ததியைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது பாதிக்கூட்டத்தில் பரவ ஏறத்தாழ 48 தலைமுறை ஆகும். நூற்றில் 99-இடம் பரவ இன்னொரு 48. தலைமுறைக்கு மூன்று ஆண்டு என்றால் முதல் பாதிக்கே சுமார் 150 ஆண்டு. புவியின் வரலாற்றில் இது ஒரு கண் இமைப்பு. ஒரு மனித ஆயுளுக்கோ மிக நீண்டது.

சலிப்பு கடுமையானால் சில ஆண்டுகளிலேயே கண்ணால் பார்க்கவும் முடியும். 1977-இல் கலாபகோஸ் தீவுகளில் ஒன்றான டாஃப்னி மேஜரில் கடும் வறட்சி வந்தது. சிறு விதைகள் தீர்ந்து, கடினமான பெரிய விதைகளே எஞ்சின. ஆய்வாளர்கள் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இருவரும் அங்குள்ள சிட்டு போன்ற ஃபிஞ்சுப் பறவைகளின் அலகை அளந்து குறித்துவந்தார்கள். பெரிய அலகு உடையவையே அதிகம் பிழைத்தன, அவற்றின் குஞ்சுகளுக்கும் அலகு பெரிதாக இருந்தது. எந்தப் பறவையின் அலகும் தேவையைக் கண்டு வளரவில்லை.

முதல் மாறுபாடு எங்கிருந்து வருகிறது? மரபணுக்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் நகலெடுக்கப்படும்போது நேரும் பிழைகளிலிருந்து. இதற்குச் சடுதிமாற்றம் என்று பெயர். பெரும்பாலானவை எதையும் மாற்றாது, சில கெடுக்கும், அரிதாக ஒன்று உதவும். விலங்குக்கு எது வேண்டும் என்பது அந்தப் பிழைக்குத் தெரியாது.

பழகுவது வேறு, தகவமைப்பு வேறு

வலை இழுப்பவரின் உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும். அவருடைய பிள்ளை காய்த்த கையோடு பிறப்பதில்லை. உடல் தன் வாழ்நாளுக்குள் சூழலுக்கேற்ப மாறுவதற்கு இணக்கம் என்று பெயர். உப்பு நீர் கொடுத்து வளர்க்கும் வாத்தின் உப்புச் சுரப்பி பெருக்கும், நல்ல நீருக்கு மாற்றினால் சுருங்கும். தில்லை உடும்பின் சுரப்பியும் சித்திரையில் பெருத்து கார்த்திகையில் சுருங்கலாம். அந்தப் பெருக்கம் குஞ்சுக்குப் போகாது. பெருக்கவும் சுருக்கவும் முடிகிற திறமை இருக்கிறதே, அது மட்டும் பரம்பரையாகப் போகும். நுட்பமான வேறுபாடுதான், ஆனால் "விலங்கு தன்னை மாற்றிக்கொண்டது" என்ற குழப்பத்தில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

சுருக்கமாக: ஒரு விலங்கின் வாழ்நாளில் நடப்பது இணக்கம். கூட்டத்தில், தலைமுறைகளில் நடப்பது தகவமைப்பு. முதலாவது நாட்களில் நடக்கும், இரண்டாவதற்குத் தலைமுறைகள் வேண்டும்.

எப்போது தோற்கும்

இந்தக் கால வேறுபாடு வெறும் பாடநூல் விவரம் அல்ல. பிச்சாவரத்தில் முன்பு மரங்களைப் பகுதி பகுதியாக அடியோடு வெட்டிய வழக்கம் இருந்தது. வெட்டிய இடங்களில் வெயில் பட்டு நிலம் தொட்டி போலத் தாழ்ந்தது. ஏறிய நீர் வடிய வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பு மட்டும் கூடிக்கொண்டே போனது. உப்பைத் தாங்குவதற்கென்றே அமைந்த கண்டல் மரங்களே அங்கே முளைக்கவில்லை. பிறகு வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன் முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, ஏற்ற நீர் வந்துபோக வழிசெய்து கன்று நட்டபோதுதான் பசுமை திரும்பியது.

அந்தத் தொட்டி நிலத்தில் ஒரு தில்லை உடும்பை விட்டிருந்தால் என்னவாகும்? சுரப்பி தன் எல்லைவரை பெருக்கும். அதற்கு மேல் உப்பு ஏறினால் உடம்பில் நீர் வற்றும். நண்டும் குறையும். இன்னும் வலுவான சுரப்பி கூட்டத்தில் பரவ நூறு தலைமுறை வேண்டும், நிலம் கெட்டதோ சில ஆண்டுகளில். அங்கே உடும்பு இருக்காது.

அடுத்த விலங்கை நீங்கள் உருவாக்குங்கள்

ஆசிரியர்கள் இதை இரண்டு வகுப்பு வேளையில் செய்துபார்க்கலாம். பிச்சாவரத்தை விட்டுவிட்டுப் புதுச்சேரியின் ஊசுட்டேரியை எடுத்துக்கொள்ளுங்கள். நன்னீர், உப்புச் சிக்கல் இல்லை. ஆனால் மழையில் நிரம்பும், கோடையில் வெகுதூரம் வற்றும். குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் கூட்டமாக வந்து உணவுக்குப் போட்டியிடும். மாணவர்களிடம் முதல் அரைமணி நேரம் படம் வரைய விடாதீர்கள். அங்கே எந்த உணவு மிச்சம் கிடக்கிறது, அதை ஏற்கெனவே யார் தின்கிறார்கள், நம் விலங்கின் மூதாதை எது, அது எந்த உறுப்போடு வந்தது, ஒரு நாள் செலவு எத்தனை இட்லி என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு படம்.

யாராவது ஏரி வற்றியதும் பறந்துபோகும் ஆமையை வரைந்துகொண்டு வந்தால், இறக்கை எந்தக் காலிலிருந்து வந்தது, ஓட்டின் எடையைத் தூக்க எத்தனை இட்லி ஆகும் என்று கேளுங்கள். வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து, மூச்சையும் செலவையும் குறைத்து, ஐப்பசி மழைக்காகக் காத்திருக்கும் ஒரு சிறிய ஆமையை அந்தப் பிள்ளையே அடுத்து வரைந்து கொண்டுவரும்.